இரும்புத் துகளுக்கு ஒரு மேல்சட்டை

போன மாதம் குடியாத்தத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தார். பத்து வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலூருக்கு வந்து ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவது வழக்கம். காந்தி ரோட்டில் வங்காள எழுத்துப் போர்டுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு, எதிரே காப்பி குடிக்க உட்கார்ந்தபோது போனை என் பக்கம் நீட்டினார். யாரோ அனுப்பிய வீடியோ. தட்டில் கறுப்பாக ஒரு திரவம். அடியில் காந்தத்தைக் கொண்டுபோனதும் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்து நிற்கிறது. மேலே கொட்டை எழுத்தில், "காந்த நானோ ஊசி: புற்றுநோய்க்கு முடிவு."

"இன்னாப்பா இது, நெசமா? இங்க போடறாங்களா?" என்று கேட்டார்.

"ஊசியா யாரும் போடல பெரியம்மா. ஆனா இப்ப குடுத்துட்டு வந்தீங்களே ரத்தம், அது இந்நேரம் இந்த மாதிரி துகளோடதான் கலந்துக்கிட்டு இருக்கும்."

கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். கேலி இல்லை. காந்த நானோ துகள் என்றாலே புற்றுநோயைத் தேடிப் போய் அழிக்கும் ஊசி என்றுதான் பேச்சு. ஆனால் அந்தத் துகள் தினமும் சத்தமில்லாமல் வேலை பார்ப்பது உடம்புக்கு வெளியே, லேப் எந்திரத்துக்குள் இருக்கும் ஒரு சின்னக் குழாயில்.

தைராய்டு, ஃபெரிட்டின், வைட்டமின் பி12 போன்றவற்றைப் பார்க்கும் பெரிய எந்திரங்களில் பலவும் ஒரே தந்திரத்தில்தான் ஓடுகின்றன. தைராய்டை வேலை செய்யச் சொல்லித் தூண்டும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் ரத்தத்தில் இருப்பது மிகமிகச் சொற்பம். அதைப் பிடிக்க இரண்டு ஆன்டிபாடிகள், அதாவது அதை மட்டும் தேடிக் கவ்வும் புரதங்கள் வேண்டும். ஒன்று ஹார்மோனை ஒரு பக்கம் கவ்வி, உள்ளே காந்தத் துகள் வைத்த ஒரு பாலிமர் மணியோடு சேர்த்துக் கட்டும். இன்னொன்று மறுபக்கம் கவ்வும். அதன் வாலில் ஒளி தரும் ரசாயனம் தொங்கும். ஹார்மோன் நடுவில் மாட்டிக்கொள்வதால் லேப்காரர்கள் இதை சாண்ட்விச் என்பார்கள். அப்புறம் குழாயின் பக்கத்தில் ஒரு காந்தம் வரும். மணிகள் எல்லாம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மிச்சத் திரவத்தை எந்திரம் உறிஞ்சிக் கொட்டிவிடும். அரிசி களையும்போது உள்ளங்கையை அணை கொடுத்துக் கழுநீரை மட்டும் வடிப்போமே, அதே வேலை. காந்தத்தை விலக்கினால் மணிகள் மறுபடி நீரில் பரவும். இன்னொரு தண்ணீர், இன்னொரு களைதல். கடைசியில் ஒளியைத் தூண்டிவிட்டு, எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று எந்திரம் அளக்கும். மொத்தத்தில் அரை மணி நேரம்கூட ஆகாது.

அந்த மணியின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எள்ளுருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். எள்ளின் இடத்தில் ஏறத்தாழ 10 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) அளவுள்ள இரும்பு ஆக்சைடு துகள்கள்; வெல்லப் பாகின் இடத்தில் பாலிஸ்டைரீன் போன்ற பாலிமர். உருண்டையின் குறுக்களவு 1 முதல் 3 மைக்ரான், அதாவது ஒரு சிவப்பணுவில் பாதிகூட இல்லை. மேலே இன்னொரு பூச்சு. அதில்தான் ஆன்டிபாடியைக் கட்டுவார்கள். அல்லது ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தை ஒட்டிவைப்பார்கள். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், கடைசியில் வரும். எல்லா மணியும் ஒரே அளவில் இருந்தால்தான் கணக்குச் சரியாக வரும். அப்படி அச்சில் வார்த்த மாதிரி பாலிமர் மணிகள் செய்யும் வழியை 1976இல் கண்டவர் நார்வே நாட்டு வேதியியலாளர் ஜான் உகெல்ஸ்டாட். அதற்குள் இரும்பைப் புகுத்தியது அதன் அடுத்த படி.

சரி, இரும்பை ஏன் எள்ளாகப் பொடித்துப் போட வேண்டும்? ஒரே கட்டியாக வைத்தால் என்ன?

வேலூரை நீரில்லாத ஆறு உள்ள ஊர் என்று கேலி பேசுவார்கள். பிள்ளைகளாக இருந்த எங்களுக்கு அது வசதியாகவே இருந்தது. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டிப் பாலாற்று மணலில் இழுத்துக்கொண்டே போவோம். மீசை முளைத்த மாதிரி கறுப்புத் தூள் ஒட்டிவரும். அதைத் தீப்பெட்டியில் சேர்த்து வைப்போம். அந்தத் தூளில் பெரும்பங்கு மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. திருவண்ணாமலை பக்கத்துக் கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் பாறையோடு பாறையாகப் படிந்திருப்பதும் அதுதான். 1989 வரை அவையும் நம் வட ஆர்க்காடு மாவட்ட மலைகள்தாம். தீப்பெட்டித் தூளில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். காந்தத்தை எடுத்த பிறகும் சில துகள்கள் ஒன்றையொன்று விடாமல் கோத்துக்கொண்டு நிற்கும். ஒருமுறை காந்தமேறினால் கொஞ்சம் அப்படியே தங்கிவிடுகிறது. ரத்தக்குழாயிலோ லேப் குழாயிலோ இந்தக் குணம் ஆபத்து. காந்தத்தை விலக்கியதும் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கட்டிதட்டும்.

அதே மேக்னடைட்டை 20, 25 நானோமீட்டருக்குக் கீழே சிறிதாக்கினால் குணம் மாறிவிடுகிறது. 10 நானோமீட்டர் துகள் ஒன்றில் இருப்பது ஏறத்தாழ 20,000 இரும்பு அணுக்கள்தாம். அவ்வளவும் சேர்ந்து ஒரே ஒரு காந்த முள். அறை வெப்பமே அந்த முள்ளை நொடிக்குப் பல லட்சம் தடவை புரட்டிப் போடப் போதும். இந்தப் புரட்டலின் கணக்கை 1949இல் எழுதியவர் பிரான்ஸின் லூயி நேல். 1970இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். காட்பாடி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொருவர் முகமும் ஒவ்வொரு திசையில் இருக்கும். வண்டி வருகிறது என்று அறிவித்ததும் அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பும். வண்டி போன மறுகணம் பழையபடி ஆளுக்கொரு திசை. துகள்களும் அப்படியே: காந்தம் வந்தால் ஒரே முகம், போனால் கூட்டம் கலைந்தது. சூப்பர்பாராகாந்தம் என்று இதற்கு ஒரு பெரிய பெயர் உண்டு.

இதோடு பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் நானும் நினைத்தேன். செய்முறை கஷ்டமே இல்லை. ஃபெரஸ் சல்பேட் ஒரு பங்கு, ஃபெரிக் குளோரைடு இரண்டு பங்கு, வெந்நீரில் கரைத்து அம்மோனியாவை விட வேண்டும். பழுப்பாக இருக்கும் நீர் கண் இமைப்பதற்குள் மை போலக் கறுக்கும். 1981இல் பிரெஞ்சுக்காரர் மசார் எழுதி வைத்த வழி. இன்றைக்கும் கல்லூரி லேபுகளில் அதுதான் நடக்கிறது. பீக்கருக்கு அடியில் காந்தத்தை வைத்தேன். கறுப்பு மொத்தமும் அடியில் போய் உட்கார்ந்தது. எடுத்தேன், ஆட்டினால் கலந்துகொண்டது. பெருமையாக இருந்தது. பீக்கரை மூடாமல் வைத்ததால் ஒரு வாரத்தில் கறுப்பு செம்பழுப்பானது. அது பரவாயில்லை, மேக்னடைட் காற்றில் ஆக்சிஜன் ஏறி மேக்ஹமைட் ஆகும், அதுவும் காந்தம்தான். உண்மையான அடி அடுத்து விழுந்தது. "ரத்தத்தில் போடப் போகிற சரக்கு என்கிறாய், ஒரு சொட்டு சலைனில் விட்டுப் பார்" என்றார் கைடு. விட்டேன். பத்து நிமிடத்தில் பில்டர் காப்பி மண்டி மாதிரி அடியில் படிந்துவிட்டது. எவ்வளவு குலுக்கியும் எழவில்லை.

காரணத்தைப் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். துகள் சிறிதானால் மேற்பரப்பு பெருகும். 10 நானோமீட்டர் மேக்னடைட் வெறும் 1 கிராம் இருந்தால், அதன் மொத்த மேற்பரப்பு ஏறத்தாழ 115 சதுர மீட்டர். நம் கணக்கில் அரை கிரவுண்டு மனை. அவ்வளவு வெற்றுப் பரப்பும் எதையாவது பிடித்துக்கொள்ளத் துடிக்கும். பக்கத்துத் துகள்தான் முதலில் கைக்கு எட்டும். சுத்தமான நீரில் துகள்களின் மேல் இருக்கும் மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளிவைக்கிறது. உப்பு சேர்ந்தால் அந்த மின்னூட்டம் மறைக்கப்பட்டு, தள்ளுவிசை செத்துப்போகிறது. ரத்தமோ உப்புநீர், அதற்கு மேல் புரதக் குழம்பு. ஆக, துகளுக்கு ஒரு மேல்சட்டை போட்டே ஆக வேண்டும். இந்தத் துறையில் பாதிக்கு மேல் உழைப்பு இரும்பைப் பற்றியது அல்ல, இந்தச் சட்டையைப் பற்றியது.

பெரியம்மா காட்டிய முள்ளம்பன்றித் திரவத்திலும் சட்டை உண்டு. 1963இல் நாசாவில் ஸ்டீபன் பாப்பெல், எடையில்லாத இடத்தில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் நகர்த்தலாமா என்று பார்ப்பதற்காகச் செய்த சரக்கு அது. மேக்னடைட்டை நாள்கணக்கில் அரைத்து, கட்டிதட்டாமல் இருக்க ஒலியிக் அமிலம் சேர்த்தார். நம் மல்லாட்டை எண்ணெயில் நிறைய இருக்கும் அதே கொழுப்பு அமிலம்தான்.

எண்ணெய்ச் சட்டை ரத்தத்துக்கு ஆகாது. அதற்கு முதலில் கைகொடுத்தது டெக்ஸ்ட்ரான், ஒரு சர்க்கரைப் பாலிமர். இதன் கதையைச் சொல்ல எனக்கு ஆசை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய கரும்பு இரண்டு மூன்று நாள் வேலூர் வெயிலில் கிடந்தால் எடை குறைவதோடு சாறும் கொழகொழப்பாகும். அம்முண்டி பக்கம் கரும்பு போடுகிறவர்களுக்கு, வெட்டியதை உடனே ஆலைக்கு அனுப்ப வேண்டிய அவசரம் தெரியும். வெட்டுவாய் வழியாக லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா புகுந்து, சர்க்கரையைக் கோத்து நீளமான சங்கிலி ஆக்கிவிடுகிறது. அந்தக் கொழகொழப்புதான் டெக்ஸ்ட்ரான். இந்த பாக்டீரியா நமக்கு அந்நியமும் இல்லை. இட்லி மாவைப் பொங்க வைக்கும் கூட்டத்தில் அதுவும் ஒன்று. ஆலைக்குத் தொல்லையாக இருந்ததை மருந்தாக்கியவர்கள் ஸ்வீடன்காரர்கள். சர்க்கரைக் கிழங்குச் சாற்றை ஆராய்ந்த குரோன்வாலும் இங்கல்மனும் 1940களில் டெக்ஸ்ட்ரானை, ரத்தம் இழந்தவர்களுக்கு ஏற்றும் நீர்மமாக மாற்றினார்கள். உடம்புக்குள் ஏற்கெனவே போய்வந்த பொருள் என்பதால் இரும்புத் துகளுக்குப் பூசும்போதும் முதல் நினைப்பு அதன் மேல் போனது. என் இரண்டாவது முயற்சியில் அம்மோனியா விடுவதற்கு முன்பே பீக்கரில் டெக்ஸ்ட்ரானைக் கரைத்து வைத்தேன். சலைனில் விட்டது டீத்தண்ணி நிறத்தில் தெளிவாகவே நின்றது. மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தது.

டெக்ஸ்ட்ரான் துகளைப் பிடிப்பது கெட்டியான ஒரே முடிச்சால் அல்ல. நூற்றுக்கணக்கான இடங்களில் லேசாகத் தொட்டுக்கொண்டு சுற்றிக் கிடக்கிறது. வைக்கோல் போருக்குக் கயிறு சுற்றுவது போல. பாலிஎத்திலீன் கிளைகால், சுருக்கமாகப் பெக், வேறு ரகம். ஒரு முனை துகளில் நட்டிருக்கும், மறுமுனை நீரில் ஆடும். துகளைச் சுற்றி நாற்றங்கால் மாதிரி அடர்த்தியாக நின்று, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புரதங்கள் சுலபமாக நெருங்க முடியாது. எல்லாம் அந்த நட்ட முனை பிடுங்கிக்கொண்டு வராமல் இருக்கும் வரைதான். ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட் இரும்பைப் பார்த்தால் விடாது. பலவீனமான முடிச்சை அவிழ்த்து அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியானால் இரும்பை விடாமல் பிடிப்பது எது? இதற்கு விடை ஆம்பூர், வாணியம்பாடி தோல்காரர்களுக்குப் பரம்பரையாகத் தெரியும். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய ஈரத் தோலில் இரும்பு பட்டால் போச்சு, கருநீலக் கறை, தேய்த்தாலும் போகாது. ஜவ்வாது மலைக் கடுக்காயை அன்னபேதி என்ற இரும்பு உப்போடு சேர்த்து மை காய்ச்சியதும் இதே கதைதான். பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள டானினில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கைகள் நீட்டிய வளையங்கள் உண்டு. இரும்பு அணுவை இரண்டு கையாலும் கவ்வும். கேட்டகால் என்று இதே அமைப்புக்கு வேதியியலில் பெயர். பாலிமரின் நடும் முனையில் இப்படி ஒரு கேட்டகாலை வைத்தால் பிடி கெட்டியாகிறது என்று கண்டு, கடந்த இருபது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் அதன் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அன்னபேதி என்றதும் சிலர் கிளம்பிவிடுவார்கள். நாட்டு மருந்துக் கடை அன்னபேதிதான் நான் பீக்கரில் போட்ட ஃபெரஸ் சல்பேட். சித்த மருத்துவத்தில் அன்னபேதி செந்தூரம் உண்டு, காந்தச் செந்தூரமும் உண்டு, சோகைக்குக் கொடுக்கிறார்கள். "பார்த்தீர்களா, நானோவை நம் சித்தர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள்" என்று மேடையில் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒப்புதல் இல்லை. புடம்போட்டு அரைத்த பொடியில் நானோ அளவுத் துகளும் இருக்கலாம், அதைவிடப் பல மடங்கு பெரியதும் இருக்கும். அதை வாய்வழி சாப்பிடுகிறோம், நரம்பில் ஏற்றுவதில்லை. ஒரே அளவு, கழன்றுவராத பூச்சு, உப்பில் படியாத குணம் இந்த மூன்றையும் அளந்து உறுதிப்படுத்துவதுதான் இந்தத் துறை. அந்தப் பெருமைக்கு இந்தப் பெருமையைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

நரம்பில் ஏற்றினால் என்ன ஆகும்? ஒரு சில நிமிடங்களில் ரத்தப் புரதங்கள் துகளின் மேல் இன்னொரு உறையாக ஒட்டிக்கொள்கின்றன. அந்த உறையைப் பார்த்துத்தான் உடம்பு ஆளை அடையாளம் காண்கிறது. கல்லீரலில் குப்ஃபர் செல்கள் என்ற காவல்காரர்கள் இருக்கிறார்கள். மண்ணீரலிலும் அவர்களின் உறவினர்கள் உண்டு. ஏற்றியதில் பெரும்பங்கை இவர்கள் விழுங்கிவிடுவார்கள். பெரிய துகள் என்றால் சீக்கிரம் மாட்டும். ஆறேழு நானோமீட்டருக்கும் கீழே என்றால் சிறுநீரகம் வழியாக வெளியே போய்விடும். இடைப்பட்ட அளவும் நல்ல சட்டையும் இருந்தால் சில மணி நேரம் கூடுதலாகச் சுற்றலாம், அவ்வளவுதான்.

முதலில் ஜெயித்தவர்கள் இந்தத் தொல்லையையே வேலையாக மாற்றியவர்கள். இரும்புத் துகள் சேர்ந்த இடம் எம்.ஆர்.ஐ. படத்தில் கறுத்துத் தெரியும். நல்ல கல்லீரலில் காவல்காரர்கள் துகளை விழுங்கிக் கறுப்பாவார்கள். கட்டி இருக்கும் இடத்தில் அவர்கள் இல்லை, அது வெளுத்து நிற்கும். டெக்ஸ்ட்ரான் பூசிய ஃபெரிடெக்ஸ் இந்த வேலைக்கு 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2008இல் சந்தையை விட்டே போனது. படத்தில் வேறுபாட்டைக் காட்டுவதற்காக ஏற்றும் வேறு வகைக் கான்ட்ராஸ்ட் மருந்துகளோடு போட்டி போட முடியவில்லை. டாக்டர்களுக்கும் இருட்டைத் தேடுவதைவிட வெளிச்சத்தைத் தேடுவது சுலபமாக இருந்தது.

இரண்டாவது வெற்றி இன்னும் எளிமை: விழுங்கிய இரும்பை உடம்பு என்ன செய்கிறது? வீணாக்குவதில்லை, கரைத்து ரத்தத்துக்குச் சேர்த்துக்கொள்கிறது. நம் உடம்பில் மொத்தம் 3, 4 கிராம் இரும்பு இருக்கிறது. உபரியை அது எப்படிச் சேமிக்கிறது என்று பார்த்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும். ஃபெரிட்டின் என்ற 12 நானோமீட்டர் புரதக் கூடு. உள்ளே 8 நானோமீட்டர் குழி. அதில் 4,500 வரை இரும்பு அணுக்கள். பூச்சுப் போட்ட இரும்பு நானோ துகளை நமக்கு முன்பே உடம்பு செய்து வைத்திருக்கிறது. இந்த வழியில்தான் ஃபெருமாக்சிடால் என்ற மருந்து நுழைந்தது. சர்க்கரைப் பாலிமர் பூசிய காந்த இரும்பு ஆக்சைடு. சிறுநீரக நோயாளிகளின் சோகைக்காக 2009இல் அமெரிக்காவில் அனுமதி. ஒரு தவணை 510 மில்லிகிராம். காந்தம் இங்கே உபரி, இரும்புதான் மருந்து. ஆனால் உபரியும் வேலையைக் காட்டும். ஏற்றிக்கொண்டவருக்கு 3 மாதம் வரை எம்.ஆர்.ஐ. படம் மாறித் தெரியலாம் என்று மருந்துத் தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

நம்மூர் அரசு மருத்துவமனைகளில் சோகை உள்ள கர்ப்பிணிகளுக்குக் காப்பி டிகாஷன் நிறத்தில் ஒரு மருந்தை சலைனில் கலந்து ஏற்றுவார்கள். அயர்ன் சுக்ரோஸ். இது ஒன்றுவிட்ட தம்பி. நடுவில் சில நானோமீட்டர் இரும்பு ஹைட்ராக்சைடு, சுற்றி சர்க்கரை. பாலிமர் இல்லை, காந்தத்தைக் காட்டினால் அசையாது. ஆனாலும் தத்துவம் அதே: சட்டையில்லாத இரும்பு ரத்தத்தில் விஷம், சட்டை போட்டால் மெதுவாக அவிழ்ந்து சத்தாகும். அந்தச் சட்டை சில நேரம் எதிரியும் ஆகும். பழைய அயர்ன் டெக்ஸ்ட்ரான் ஊசியில் திடீர் ஒவ்வாமை பயம் இருந்ததற்கு டெக்ஸ்ட்ரானும் ஒரு காரணம். ஃபெருமாக்சிடாலுக்கும் 2015இல் அமெரிக்காவில் கடும் ஒவ்வாமை பற்றிய கட்டம் கட்டிய எச்சரிக்கை வந்தது. இரும்பு ஏற்றிய பிறகு அரை மணி நேரம் படுக்க வைத்துப் பார்க்கும் நர்சை அவசரப்படுத்தாதீர்கள்.

இனி பெரியம்மாவின் வீடியோவுக்கு வருகிறேன். மருந்தைத் துகளில் ஏற்றி, கட்டிக்கு மேலே காந்தம் வைத்து இழுத்துவிடலாம் என்பது கேட்க இனிக்கும் யோசனை. 1996இல் ஜெர்மனியில் 14 நோயாளிகளிடம் எபிருபிசின் என்ற புற்றுநோய் மருந்தோடு செய்தும் பார்த்தார்கள். தாங்கிக்கொண்டார்கள், ஆனால் துகளில் கணிசமான பங்கு கல்லீரலுக்குத்தான் போனது. பௌதிகம் இதில் இரக்கம் காட்டுவதில்லை. ஒரு சிறிய காந்தத்தைத் துகளிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிவைத்தால் இழுவிசை ஏறத்தாழ 16இல் ஒரு பங்காகவோ அதைவிடக் குறைவாகவோ ஆகிவிடும். தோலுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் என்றால் சரி. வயிற்றுக்குள் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில், ஓடும் ரத்தத்தில் போகும் 10 நானோமீட்டர் துகளை யார் இழுத்து நிறுத்துவது? காந்தமே இல்லாத நானோ மருந்துகளையும் சேர்த்து, பத்து ஆண்டு ஆய்வுக் கட்டுரைகளை டொரண்டோ ஆய்வாளர்கள் 2016இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஏற்றியதில் கட்டிக்குள் போய்ச் சேர்ந்தது நடுத்தரமாக 0.7 சதவீதம். அந்தக் கட்டுரைகளும் எலிக்கணக்குதான், மனிதக்கணக்கு அல்ல.

இழுப்பதற்குப் பதில் சூடேற்றுவது கொஞ்சம் தூரம் போயிருக்கிறது. நொடிக்கு லட்சம் முறை திசை மாறும் காந்தப்புலத்தில் துகளின் முள் புரண்டு புரண்டு சூடாகும். இண்டக்‌ஷன் அடுப்புக்குத் தூரத்துச் சொந்தம். 1957லேயே கில்கிறிஸ்ட் குழுவினர் இதைச் சோதித்தார்கள். பெர்லினைச் சேர்ந்த மேக்ஃபோர்ஸ் நிறுவனம், மூளைக்கட்டிக்குள் துகளை நேரடியாக ஊசியால் செலுத்திச் சூடேற்றும் முறைக்கு 2010இல் ஐரோப்பிய அனுமதி வாங்கியது. கவனியுங்கள், ரத்தத்தில் விட்டு இழுக்கவில்லை; கட்டிக்குள்ளேயே குத்தினார்கள். அதற்கான பூச்சும் பாலிமர் அல்ல, அமினோசிலேன். சுற்றியலையாமல் போட்ட இடத்திலேயே கிடப்பதற்கு. கட்டி மறுபடி வந்த நோயாளிகளிடம், கதிர்வீச்சும் சேர்த்து, 59 பேரிடம் செய்த ஆய்வில் நடுத்தர ஆயுள் 13.4 மாதம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை என்பதால் எவ்வளவு லாபம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் உலோகம் இருக்கக் கூடாது என்பதற்காகப் பல்லில் உள்ள உலோக அடைப்பையும் பல் மேல் மாட்டிய உலோகத் தொப்பியையும் முதலில் கழற்ற வேண்டியிருந்தது. பிறகு அந்தத் தலையை எம்.ஆர்.ஐ.யில் பார்க்கவும் முடியாது. 2022இல் அந்த நிறுவனம் திவாலானது.

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில், கட்டியிலிருந்து முதலில் நிணநீர் போய்ச் சேரும் கணுவைக் கண்டுபிடிக்கக் கார்பாக்சிடெக்ஸ்ட்ரான் பூசிய துகளைப் பயன்படுத்துவது இன்னொன்று. மேக்ட்ரேஸ் என்று பெயர், 2018இல் அமெரிக்க அனுமதி. கதிரியக்க மருந்து கிடைக்காத ஊர்களுக்கு உதவும். இதைத்தான் நான் நம்பிக்கையோடு பார்க்கிறேன்: துகள் தானாக எங்கே போகுமோ அங்கே போகவிட்டு, அதைக் கருவியால் தேடுகிறார்கள்.

அன்று மாலை ரிப்போர்ட் வந்தது. பெரியம்மாவின் டி.எஸ்.எச். இருக்க வேண்டிய அளவைவிட மிகக் கீழே, தைராய்டு ஹார்மோனான டி4 மேலே. தாளின்படி தைராய்டு தறிகெட்டு ஓடுகிறது. ஆளைப் பார்த்தால் படபடப்பு இல்லை, கை நடுக்கம் இல்லை, எடையும் குறையவில்லை.

"மாத்திரைய ரெண்டு ரெண்டா போட்டீங்களா?"

"நான் ஏன்பா போடறேன். ஒண்ணுதான்."

"வேற எதனா புதுசா?"

"முடி கொட்டுதுன்னு சொன்னேன், பேத்தி ஆன்லைன்ல ஒரு டப்பா வாங்கிக் குடுத்தா."

டப்பாவைத் திருப்பினால் பயோட்டின், 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு நமக்குத் தேவையானது 30. ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய மணி என்று சொன்னேனே, அது ஆன்டிபாடியைப் பிடிப்பது பயோட்டின் என்ற கொக்கி வழியாகத்தான். ரத்தம் முழுக்க மாத்திரைப் பயோட்டின் மிதந்தால் மணியின் இடங்களை அது பிடித்துக்கொள்ளும். சாண்ட்விச்சுக்கு உட்கார இடம் இருக்காது. களையும்போது கழுநீரோடு போய்விடும். வெளிச்சம் குறையும், டி.எஸ்.எச். குறைவு என்று எந்திரம் எழுதும். டி4 சோதனையில் கணக்கு தலைகீழ். வெளிச்சம் குறைந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்தால் அச்சு அசலாக ஒரு பொய் நோய். 2017இல் அமெரிக்க மருந்துத் துறை இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது. எல்லா எந்திரத்திலும் இப்படி ஆகாது. மணியின் மேல்பூச்சு வேறாக இருந்தால் பிரச்சினை இல்லை.

அடுத்த நாள் டாக்டரிடம் டப்பாவைக் காட்டினோம். தைராய்டு மாத்திரையைக் குறைக்க வேண்டாம், இதை நிறுத்திவிட்டு நான்கு நாள் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள் என்றார். குறைந்தது 2 நாள் இடைவெளி போதும் என்பார்கள். இவர் கூட இரண்டு சேர்த்துக்கொண்டார். நான்கு நாளும் பெரியம்மா எங்கள் வீட்டில்தான் இருந்தார். அந்த வீடியோவைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டி, "இது ஊசி இல்லியாம், ரத்தத்தக் களையறதுக்காம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் வந்த டி.எஸ்.எச். 2.6, இருக்க வேண்டிய அளவில்.